சசி அண்ணன் வைத்த பாதி

காங்கேயத்தில் சசி அண்ணன் வீட்டு வாசலில் நாங்கள் காரை விட்டு இறங்கியபோது நல்ல வெயில். களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்பைக் காயப் போட்டிருந்தார்கள். அந்த எண்ணெய் வாடை சேலையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. என் மூக்கு கொஞ்சம் பொல்லாத மூக்கு. அடுத்த வீட்டில் பால் அடிப்பிடித்தால்கூட எனக்குத்தான் முதலில் தெரியும். அதனால் வாசனையைப் பற்றி நான் என்ன சொன்னாலும் நீங்கள் நம்பலாம்.

அன்று சசி அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம். சசிதர் என்று பெயர். என் வீட்டுக்காரர் கௌதமனும் அவரும் சரவணம்பட்டியில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேஜை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த மனிதர் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது சிகரெட்தான். காலை பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் கம்பெனிக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் நிற்பார்கள். எங்கள் மகள் தேஜாவுக்கு வீசிங் வந்த பிறகு நான் போட்ட சண்டையில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரு சிகரெட்தான், ஆளுக்குப் பாதி. முதல் பாதி சசி அண்ணனுக்கு. அவர் பஞ்சு முனையைக் கடித்துக் கடித்து இழுப்பார். பிறகு லொக், லொக் என்று இரண்டு முறை இருமிவிட்டு நீட்டுவார். இந்தா உன் பங்கு என்று அதற்கு அர்த்தம். பல் பதிந்த அந்த எச்சில் பாதியை இவர் வாங்கிக் குடிப்பார். கருமம் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

சசி அண்ணனை எரித்துவிட்டு வந்த அன்றே இவர் சிகரெட்டை விட்டுவிட்டார். நான் விடச் சொல்லவே இல்லை. பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்த் தேஜா பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

படையலுக்குச் சசி அண்ணனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்திருந்தார்கள். புரோட்டா, கோழிக் குழம்பு, தேங்காய் பர்பி. கடைசியில் அவர் அம்மா அம்புஜம் ஒரு சிகரெட்டைக் கொண்டுவந்து இவரிடம் நீட்டினார்.

"நீயே பத்த வெய்யி கண்ணு. எங்கூட்டுல வேற யாருக்கும் பழக்கமில்ல."

உதட்டில் வைத்து இழுக்காமல் சிகரெட் பற்றாது. இவர் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். புகையை உள்ளே விடாமல் துப்பிவிட்டு, சிகரெட்டைப் போட்டோவுக்கு முன்னால் டம்ளர் விளிம்பில் வைத்தார். போனவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் களத்தில் வந்து நின்றோம்.

திரும்பக் கதவைத் திறந்தபோது சிகரெட் சரியாகப் பாதியில் அணைந்திருந்தது. சாம்பலைக் காணோம். பஞ்சு முனை நசுங்கியிருந்தது.

"காத்துல அணைஞ்சிருக்கும்" என்றார் சசி அண்ணன் அப்பா நரசிம்மலு. அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

அம்புஜம் அம்மா அழவில்லை. முகம் மலர்ந்துபோய் அந்தப் பாதியை எடுத்து இவரிடம் நீட்டினார். "உன்ற பங்க வெச்சுட்டுப் போயிருக்கான் பாரு. வாங்கிக்க கண்ணு."

படையலில் வைத்ததை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். இவர் கை நீண்டுவிட்டது. நான் குறுக்கே புகுந்தேன்.

"அவரு விட்டுட்டாருங்ம்மா. வேண்டாமுங்க."

அந்த அம்மா பாதி சிகரெட்டை இலையோடு சேர்த்து மடித்துவிட்டார்.

சிகரெட்டை விட்டவர்களுக்குக் கோபம் வரும், தூக்கம் கெடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் இருந்தேன். கடலை மிட்டாய், ஏலக்காய், பெரிய நெல்லி என்று டப்பா டப்பாவாக வாங்கி வைத்தேன். கோபம் வந்திருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். இவருக்குக் கோபமே வரவில்லை. வீட்டில் இருக்கும் நாளில் பதினோரு மணி ஆனால் பால்கனிக்குப் போய் நிற்பார். ஆபீஸில் இருந்தாலும் பேக்கரி ஓரத்தில் போய் நிற்கிறார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். கையில் ஒன்றும் இருக்காது. இரண்டு விரல் மட்டும் லேசாக விரிந்திருக்கும்.

"என்னதானுங்க பண்ணுது உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெஞ்சுக்குள்ள ஒரு ரூமு காலியாக் கெடக்கறாப்பல இருக்குது அம்மணி."

"வாடகைக்கு உட்டுருங்க" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"சிகரெட் வேணும்னு தோணல யுவா. பதினோரு மணியானா வாடா போலாம்னு கூப்புடறதுக்கு ஒருத்தன் இருந்தான். இப்ப அந்த நேரம் வருது, அவன் வரல. அதுதான் தாங்க முடியல."

அவர் இளைத்துக்கொண்டே வந்தார். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். தேஜா பேசினால்கூடப் பாதியில்தான் காதில் விழும். ஆனாலும் சிகரெட் இல்லாத வீட்டில் தேஜாவுக்கு மூச்சு லேசாகியிருந்தது. அவள் முகத்தில் வைக்கும் மருந்துப் புகை மெஷினை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த ஒன்றை நினைத்து மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட்டுக்கு மணி கோத்துத் தைக்கும் ஆரி வேலை செய்கிறேன். அவர் முன்பு சாம்பல் தட்டுவதற்கு வைத்திருந்த கொட்டாங்குச்சியைத் தேய்த்துக் கழுவி, தங்க மணி போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் காலை மணி அள்ளக் கை விட்டால் ஏதோ மெத்தென்று பட்டது.

பாதி சிகரெட்.

பஞ்சில் பல் தடம். இன்னும் ஈரம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் குளித்துவிட்டு வந்ததும் அதை மேஜையில் வைத்தேன்.

"ஏனுங்க, இது என்னதுங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நானில்ல யுவா."

"பின்ன நானா குடிச்சேன்? இல்ல உங்க புள்ள குடிச்சாளா?"

"தேஜா மேல சத்தியமா நான் தொடல."

குழந்தை மேல் சத்தியம் செய்ததும் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. அந்த வாரமே தேஜாவுக்கு இழுப்பு திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மெஷினைத் துடைத்து எடுத்து, முகமூடியை அவள் மூக்கில் வைத்துப் பிடித்தேன். குழந்தையின் நெஞ்சு பூனை மாதிரி கத்தியது. பால்கனிச் சுவரில் இன்னொரு பாதி, ஜன்னல் கட்டையில் இன்னொன்று. எல்லாவற்றிலும் அதே பல் தடம்.

"இன்னொரு தடவ பாத்தேன்னா தேஜாவக் கூட்டிட்டு கோபிக்குப் போயிருவேனுங்க. அம்மா ஊட்டுல ஒரு வேள சோறு போட மாட்டாங்களா? நீங்க இங்க நின்னு நல்லா ஊதுங்க."

அவர் குற்றம் செய்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். அதனால் நான் சொன்னதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவர் ஆபீஸ் போனார். தேஜா பள்ளிக்கூடம். கீழ்வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு ஸ்டேண்டில் துணியை இறுக்கிக் கட்டி வேலையில் உட்கார்ந்தேன். வெளியே பட்டப்பகல். தென்னை ஓலை அசையாமல் நின்றது. கொடியில் தேஜாவின் யூனிஃபார்ம் காய்ந்தது. ஊசியை நூலில் கொக்கி போட்டு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பால்கனியில் யாரோ தீக்குச்சி உரசினார்கள்.

என் ஊசி நின்றுவிட்டது.

முதலில் வந்தது புகை வாடை. அதன் அடியில் இன்னொரு வாடை. வெயிலில் காய்ந்த தேங்காய்ப் பருப்பு. காங்கேயத்துக் களத்து வாடை.

மூச்சை நீளமாக உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

விடும் சத்தம் கேட்டது.

எழுந்து போய் ஜன்னல் துணியை ஒதுக்கினேன். பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் அதன் கால்கள் கனத்த ஆள் உட்கார்ந்தால் விரிகிற மாதிரி விரிந்திருந்தன. உட்கார்ந்திருக்கும் ஆளின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து புகை வந்தது.

"யாருங்க?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

லொக்.

லொக்.

நாற்காலியின் கால்கள் நிமிர்ந்தன. சுவர் மேல் பாதி சிகரெட் இருந்தது. நுனி இன்னும் சிவப்பாகக் கனன்றது.

எவ்வளவு நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றிச் சீமாற்றால் கூட்டித் தள்ளினேன். பயம் ஒரு பக்கம். அவரைப் போய் அந்தப் பேச்சுப் பேசினோமே என்ற வேதனை ஒரு பக்கம். அம்புஜம் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"சின்னதுலருந்தே அப்படித்தான் கண்ணு. ஒரு முட்டாய் குடுத்தாலும் பாதியப் பக்கத்துல இருக்கறவனுக்குக் குடுக்காம தின்னமாட்டான். வேண்டாம்னா பின்னாலயே நீட்டிட்டுத் திரிவான்."

"இப்ப என்னங்ம்மா பண்றது?"

"வாங்கிக்கோணும். வாங்கிட்டா போயிருவான்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். இவர் ஒரு இழுப்பு இழுத்தால் பழையபடி ஆரம்பித்துவிடுவார். அது எனக்குச் சர்வ நிச்சயமாகத் தெரியும். அப்புறம் சசி அண்ணன் போன வழியில்தான் இவரும் போவார். இழுக்காவிட்டாலோ அந்தப் புகை வீட்டை விட்டுப் போகாது, என் குழந்தைக்கு மூச்சு வராது. அட கெரகமே என்று ஆகிவிட்டது எனக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் தேஜாவுக்கு இழுப்பு முற்றிவிட்டது. ஹாலில் அவளை மடியில் வைத்து முகமூடியைப் பிடித்திருந்தேன். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. "கார எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கத்தினேன். அவர் வரவில்லை. மெஷின் ஓடும் சத்தத்தையும் மீறிப் பால்கனியில் அந்த இருமல் கேட்டது.

குழந்தையைச் சோபாவில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

இவர் நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நாற்காலியின் கால்கள் விரிந்திருந்தன. இவருடைய இரண்டு விரல் நடுவில் பாதி சிகரெட் எரிந்துகொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ரொம்ப நாளா நீட்டிட்டே இருக்கான் யுவா" என்றார் மெதுவாக. "அவனுக்குக் கை வலிக்காதா?"

சிகரெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கோயிலில் பிரசாதம் கொடுத்தாலும், கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுத்தாலும், வீட்டுக்காரர் வரவில்லை என்றால் அவர் பங்கைப் பெண்டாட்டி வாங்கிக்கொள்ளலாம். யாரும் மறுப்பதில்லை. நான் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். வாங்கினால் அவர் வாங்கியதாகத்தான் கணக்கு.

சிகரெட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"சசியண்ணா" என்றேன் நாற்காலியைப் பார்த்து. "அவரு பங்க நான் வாங்கிக்கறேனுங்க. ஊட்டுக்காரி வாங்குனா அவரு வாங்குன மாதிரிதானுங்க. இதோட போயிருங்க."

பஞ்சு என் உதட்டில் ஈரமாகவும் சில்லென்றும் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். வாழ்க்கையில் அதற்கு முன் நான் சிகரெட்டைத் தொட்டதில்லை. புரையேறும், இருமல் வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. புகை குளிர்ந்த தண்ணீர் மாதிரி உள்ளே இறங்கியது.

மூச்சை விட்டேன்.

புகை வெளியே வரவில்லை.

மறுபடி விட்டேன். வெறும் காற்றுதான் வந்தது.

நாற்காலியின் கால்கள் மெல்ல நிமிர்ந்தன. வாடை சட்டென்று நின்றது. உள்ளே தேஜா முகமூடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

அன்றோடு சரியாகிவிட்டது. நிஜமாகவே சரியாகிவிட்டது. இவர் தட்டு நிறையச் சாப்பிட்டார். பதினோரு மணி வந்தால் தேநீரோடு கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். பால்கனியில் நிற்பதில்லை. சசி அண்ணனைப் பற்றிப் பேசினால்கூட, பேக்கரியில் அவர் அடித்த கூத்தைச் சொல்லிச் சிரித்தார். "அந்த ரூமு நெறைஞ்சிருச்சு போல அம்மணி" என்றார். தேஜாவின் மெஷினைத் துணி சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டேன். அவள் இப்போது ஓடுகிறாள், மாடிப்படியில் குதிக்கிறாள், நான் கத்துகிறேன். இதற்காகத்தானே வாங்கினேன் என்று இருக்கும்.

எனக்குத்தான் பதினோரு மணிக்கு ஊசி நின்றுவிடுகிறது.

முதலில் வேலைக் களைப்பு என்று நினைத்தேன். நெஞ்சுக்குள் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. பசியும் இல்லை, வலியும் இல்லை. யாரோ கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது, இன்னும் கூப்பிடவில்லை என்பதுபோல் ஒரு தவிப்பு. சசி அண்ணனோடு நான் மொத்தமாகப் பேசியதே நாலு வார்த்தை இருக்கும். அவர் வரவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய்ப் பால்கனியில் நின்றேன். என் இரண்டு விரல் தானாக விரிந்தது.

போன வாரம் இவர் வீட்டிலிருந்து வேலை செய்தார். ஹாலுக்கு வந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"யுவா, பொகை நாத்தம் அடிக்குதே."

"கீழ்வீட்டுல யாராச்சும் குடிப்பாங்க."

அவர் கொட்டாங்குச்சியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தங்க மணிக்கு மேலே பாதி சிகரெட் இருந்தது. பஞ்சில் பல் தடம். இந்த முறை தடம் சின்னதாக இருந்தது. பொம்பளைப் பல்.

"தேஜா மேல சத்தியமா நான் தொடலீங்க" என்றேன்.

நான் அன்று அவரைப் பார்த்த பார்வையை அவர் என்மேல் திருப்பிவிட்டு உள்ளே போனார். அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தேஜா விளையாடிவிட்டு வந்து, எப்போதும் போல் என் மேல் ஏறி நெஞ்சில் காதை வைத்துப் படுத்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். இழுப்பு வந்த நாட்களில் அப்படிப் படுத்தால்தான் தூங்குவாள். நான் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் பதினோரு மணி ஆனது.

தேஜா தலையைத் தூக்கினாள்.

"அம்மா, உள்ள ஒரு மாமா இருமறாங்க."

அவள் மூச்சில் மெலிதாக அந்தப் பூனைச் சத்தம் ஆரம்பித்திருந்தது.

சட்டென்று அவளைத் தூக்கிக் கீழே விட்டேன். "அப்பாகிட்டப் போயிப் படுத்துக்க கண்ணு" என்றேன். ஏன் என்று கேட்டாள். மேலே விழுந்து கட்டிக்கொள்ள வந்தாள். கையை நீட்டித் தடுத்தேன். அழுதுகொண்டே அவரிடம் ஓடினாள். அவர் மடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் நின்றுவிட்டது. இனி என் குழந்தை என் நெஞ்சில் படுக்க முடியாது என்பது எனக்கு விளங்கியது. அவள் உதறிப்போட்ட செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாற்காலியின் கால்கள் நேராக இருந்தன. அங்கே யாரும் இல்லை.

"அண்ணா" என்றேன், என் நெஞ்சில் கை வைத்து. "வாங்குனா போயிருவீங்கன்னு உங்கம்மா சொன்னாங்களே. இன்னும் ஏனுங்க இருக்கறீங்க?"

தென்னை ஓலைகூட அசையவில்லை.

"சரி, என்கிட்டயே இருங்க. நான் ஒண்ணும் சொல்லல. என்ற புள்ளய மட்டும் உட்டுருங்க."

உள்ளங்கைக்கு அடியில் என் விலா எலும்பு இரண்டு முறை அதிர்ந்தது.

லொக்.

லொக்.

நான் இருமவில்லை. ஆனால் என் வாயிலிருந்து, அன்று உள்ளே போன புகை கொஞ்சமாக வெளியே வந்து, சாத்திய கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக வீட்டுக்குள் போனது.